தாய்வழி வந்த துயர்

(மேற்கிந்தியத் தீவுப் பெண்களின் வரலாறு காட்டும் பாடம்)

கரும்பு என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுவது பொங்கல் திருநாள். அடுத்துத் தோன்றுபவர் பாரதியார். பிஜித் தீவில் கூலிகளாய் வாடிய இந்தியப் பெண்களை எண்ணி அவர் பாடிய ‘கரும்புத் தோட்டத்திலே’ என்னும் பாட்டைச் சங்க விழாக்களில் நம் பிள்ளைகள் பாடக் கேட்டுக் கண்கலங்கியிருக்கிறோம். ஆனால் அதே கரும்பும், அதே ஆட்சியும், அதே கப்பல்களும் உலகின் மறுகோடியில் விளைத்த துயரை நாம் அவ்வளவாக அறியோம்.

மேற்கிந்தியத் தீவுகள் என்ற பெயர் வானொலியில் கிரிக்கெட் வருணனை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிதன்று. ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட், கயானா என்று ஊர்ப்பெயர்களை ஒப்பிக்கும் அளவுக்கு அவை நமக்குப் பழக்கம். அந்த ஆட்டக்காரர்களைப் பெற்று வளர்த்த தாய்மாரின் கதை என்ன? அவர்களுடைய பாட்டிமாரின் கதை என்ன? ஒரு தாய் பட்ட துன்பம் மகளுக்கும் பேத்திக்கும் எவ்வாறு போய்ச் சேர்கிறது? அதை ஆற்ற வல்லவர் யார்? எந்த மொழியில் ஆற்றுவது? இவ்வினாக்களுக்குக் கரிபியன் பெண்களின் வரலாறு தரும் விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. அதனை இறுதியில் கூறுவோம்.

கருவிலேயே எழுதப்பட்ட விதி

1640-களில் பார்படோஸ் தீவில் கரும்புப் பயிர் வேரூன்றியது. சர்க்கரையின் சுவை ஐரோப்பாவுக்குப் பிடித்துப் போக, அதை விளைவிக்க ஆப்பிரிக்காவிலிருந்து மக்களைப் பிடித்து வந்தனர். 1501-ஆம் ஆண்டு தொடங்கி 1866 வரை அட்லாண்டிக் கடல் வழியே கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர். கரையேறியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் பேர். இடையில் குறைந்த 18 இலட்சம் பேர் கடலுக்கு இரையானவர்கள். ஜமைக்காவில் மட்டும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இறக்கப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் வேறு நாடுகளுக்கு மீண்டும் விற்கப்பட்டனர் என்பது உண்மையே. ஆயினும் 1834-இல் விடுதலைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அங்கிருந்த அடிமைகள் ஏறத்தாழ 3 இலட்சத்துப் பதினோராயிரம் பேரே. தலைமுறை தலைமுறையாகப் பெருகியிருக்க வேண்டிய ஒரு மக்கட்கூட்டம் தேய்ந்து போயிற்று. கரும்புத் தோட்டம் பிள்ளை பிழைக்கும் இடமாக இருக்கவில்லை.

இங்கே ஒரு சட்டத்தைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். தந்தை யாராயினும், தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமையே என்பது அது. பிரெஞ்சு அரசு 1685-இல் வகுத்த அடிமைச் சட்டம் இதனை எழுத்திலேயே வைத்தது. ஆங்கிலேயர் தீவுகளிலும் இதுவே நடைமுறை. உலகில் தாய்வழிச் சொத்து வரும் சமுதாயங்கள் உண்டு. தாய்வழிப் பெயர் வரும் சமுதாயங்களும் உண்டு. அங்கே தாய்வழி வந்தது விலங்கு. தன்னைக் கெடுத்த முதலாளிக்கே பிள்ளையைச் சொத்தாகப் பெற்றுக் கொடுக்கும் நிலை பெண்ணுக்கு ஏற்பட்டது. கரும்பு வெட்டும் கூட்டங்களிலும், பிற்காலத்தில் பெரும்பகுதி பெண்களே. தலைமுறைத் துயர் என்று இக்கால அறிஞர் கூறுவது வெறும் உவமை அன்று. சட்டப் புத்தகத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்த ஏற்பாடு.

1833-இல் விடுதலைச் சட்டம் நிறைவேறியது. 1834-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் மேலும் நான்காண்டுகள் வேலை வாங்கிய பிறகே, 1838 ஆகஸ்டு 1-ஆம் நாள் முழு விடுதலை கிட்டியது. இழப்பீடாக ஆங்கில அரசு 2 கோடி பவுன் வழங்கியது. யாருக்கு? அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு. அந்தக் கடனை ஆங்கிலக் கருவூலம் அடைத்து முடித்தது 2015-ஆம் ஆண்டில். அடிமையாய் இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

கோப்புகளோடும் பதிவேடுகளோடும் காலந்தள்ளும் நமக்கு அக்காலத்துப் பதிவேடுகளின் அமைப்பைப் படிக்கையில் மனம் நடுங்குகிறது. 1817 முதல் பல தீவுகளில் அடிமைகளின் பட்டியல் மூன்றாண்டுக்கு ஒருமுறை எழுதப்பட்டது. பெயர், வயது, நிறம், பிறந்த இடம் என்று பத்திகள் ஒழுங்காக உள்ளன. பிறப்பு வரவிலும், இறப்பு செலவிலும் வைக்கப்பட்டன. எழுதிய எழுத்தரும் நம்மைப் போல் ஒருவராகத்தான் இருந்திருப்பார். துயருக்கு அவரிடம் பத்தி இல்லை.

மேரி பிரின்ஸ் சொன்ன கதை

அந்தப் பத்தியைத் தானே எழுதிச் சேர்த்தவள் ஒரு பெண். மேரி பிரின்ஸ் என்பது அவள் பெயர். ஏறத்தாழ 1788-இல் பெர்முடாவில் அடிமையாகப் பிறந்தாள். பன்னிரண்டு வயதளவில் அவளும் தங்கையர் இருவரும் சந்தையில் விற்கப்பட்டனர். அன்று காலையில் தாய் தன் கையாலேயே பெண்களுக்குப் புதுத்துணி உடுத்தினாள். சவத்துக்குக் கோடி போர்த்துவது போல் இருக்கிறதென்று சொல்லிக்கொண்டே உடுத்தினாள். மேரிக்குக் கிடைத்த விலை 57 பவுன். மூவரும் மூன்று பேர் கைக்குப் போயினர்.

பின்னர் மேரி டர்க்ஸ் தீவின் உப்பளங்களில் காலெல்லாம் புண்ணாக உழைத்தாள். அங்கே ஒரு நாள் அவளுடைய தாயும் கொண்டுவரப்பட்டாள். மகள் ஓடிப்போய் அம்மா என்று அழைத்தாள். தாய்க்கு மகளை அடையாளம் தெரியவில்லை. வழியில் அடித்த புயலில் அவள் புத்தி பேதலித்திருந்தது. தான் கப்பலின் அடியிலே கிடந்ததாகப் பிதற்றினாள். தெளிவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிக் கொண்டுவரப்பட்ட முன்னோரின் நினைவுதான் அத்தாயின் வாய்வழி வந்ததோ என்று நமக்குத் தோன்றுகிறது.

1828-இல் முதலாளியுடன் இலண்டனுக்கு வந்த மேரி, அங்கே அவர் வீட்டை விட்டு வெளியேறினாள். 1829-இல் அவள் விடுதலைக்காக ஆங்கில நாடாளுமன்றத்துக்கு மனுச் சென்றது. அவள் வாய்மொழியாகச் சொன்ன வரலாறு 1831-இல் நூலாகி, அவ்வாண்டிலேயே மூன்று பதிப்புகள் கண்டது. நடந்ததை நடந்தவாறு, தன் வாயால், கேட்க மனமுள்ளவர் முன் சொல்லுதல் என்னும் மருந்தை அவள் தானாகவே கண்டுகொண்டாள் எனலாம். பின்வந்த கரிபியன் பெண்கள் பலரும் நாடியது இம்மருந்தையே.

மருத்துவச்சிகளும் தடைச் சட்டங்களும்

துயர் மட்டுமே அப்பெண்களின் வரலாறு அன்று. ஆற்றும் கலையும் அவர்களிடமே இருந்தது. ஜமைக்காவின் மலைகளுக்குத் தப்பியோடி, ஆங்கிலப் படைகளை எதிர்த்து நின்ற மரூன் மக்களின் தலைவி நானி, போர்த்தலைவியாக மட்டுமின்றி மூலிகை அறிந்தவளாகவும் போற்றப்படுகிறாள். இன்று அவள் ஜமைக்காவின் தேசிய வீரர்களுள் ஒருத்தி. கிங்ஸ்டன் நகரில் 1805-இல் பிறந்த மேரி சீகோல் அம்மையார் தம் தாயிடம் நாட்டு மருத்துவம் பயின்றவர். 1850-களில் கிரிமியப் போர்க்களத்தருகே விடுதி அமைத்துப் படைவீரர்க்கு உணவும் மருந்தும் அளித்தார். 1857-இல் தம் வரலாற்றைத் தாமே நூலாக எழுதினார்.

அரசு இக்கலையை ஐயத்தோடு நோக்கியது. 1760-இல் ஜமைக்காவில் பெருங்கலகம் மூண்டது. அதையொட்டி ‘ஒபியா’ எனப்படும் ஆப்பிரிக்க வழிவந்த மந்திர மருத்துவம் குற்றமாக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் 1898-இல் புதிய சட்டம் இயற்றினர். டிரினிடாடில் 1917-ஆம் ஆண்டு நவம்பரில் ‘ஷவுட்டர்கள்’ எனப்பட்ட ஆன்மிக பாப்டிஸ்டுகளின் வழிபாடே தடைசெய்யப்பட்டது. மணியடித்து, உரக்கப் பாடி, உடல் நடுங்க வழிபடுவது பிறர்க்கு இடையூறு என்பது காரணம்.

தடைசெய்யப்பட்ட அவ்வழிபாட்டில் ‘துக்கம் காத்தல்’ என்றொரு நோன்பு உண்டு. நோற்பவரின் கண்களைத் துணிப்பட்டைகளால் கட்டி, சிறிய அறையொன்றில் கிடத்துவர். உண்ணாமல், வெளியுலகம் காணாமல், பல நாள் வேண்டுதலில் இருப்பர். ‘அன்னை’ என்று அழைக்கப்படும் மூத்த பெண்கள் அருகிருந்து காப்பர். அந்நிலையில் மனம் ஆப்பிரிக்காவுக்கும், இந்தியாவுக்கும், சீனாவுக்கும் பயணம் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. வெளிவந்ததும் கண்டதையெல்லாம் சபையின் முன் சொல்ல வேண்டும். சபை அதைச் செவிமடுத்து அவருக்கு ஒரு பணியும் அளிக்கும். துயருக்கென ஓர் அறை, காவலுக்கு ஒரு தாய், கேட்க ஒரு சபை என்னும் இம்மூன்றையும் பெரும்படிப்புப் படிக்காத பெண்கள் ஏற்படுத்தி வைத்திருந்தனர். 1951-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் தடை நீங்கியது. 1996 முதல் அந்நாள் அந்நாட்டில் பொது விடுமுறை. குற்றமாக இருந்தது 45 ஆண்டுகளில் விழாவாயிற்று.

ஜமைக்காவின் ‘ஒன்பதாம் இரவு’ச் சடங்கையும் இதனோடு எண்ணலாம். இறந்தவர் வீட்டில் ஊர் கூடிப் பாடும், உண்ணும், பழங்கதை பேசும். ஒன்பதாம் இரவில் ஆவிக்கு விடைகொடுத்து, அது திரும்பி வந்தாலும் இடம் தெரியாதிருக்க வீட்டுப் பொருள்களை இடம் மாற்றி வைப்பர். பதினாறாம் நாள் காரியமும் ஒப்பாரியும் அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அழுவதற்கு நாள் குறித்து, அழுகையை முடிப்பதற்கும் நாள் குறித்த பெரியோர் அவர்கள்.

தொட்டித் தண்ணீர்

அரசு நடத்திய மருத்துவம் அப்போது எவ்வாறு இருந்தது? கிங்ஸ்டன் மனநோயாளர் விடுதியில் ஏழு மாதம் இருந்து 1860-இல் வெளிவந்த ஆன் பிராட் என்ற கலப்பினப் பெண், தான் அங்கே கண்டதைச் சிறு நூலாக வெளியிட்டாள். அடங்காத பெண்களை அழுக்குத் தொட்டியில் தள்ளி, மூச்சு முட்டும்வரை தலையை நீருக்குள் அமுக்கிப் பிடிப்பது அங்கே வழக்கமாக இருந்தது. செய்தவர்கள் காவலுக்கு வைக்கப்பட்ட பணியாளர்கள். மருத்துவம் என்ற பெயரில் தோட்டத்துத் தண்டனையே தொடர்ந்தது.

பைத்தியக்காரி சொல்லை யார் நம்புவர் என்று அதைத் தள்ளிவிட முயன்றவர் உண்டு. ஆயினும் 1861-இல் விசாரணைக்குழு அமர்ந்தது. அவள் கூறியவை உறுதியாயின. அதன் விளைவாக 1863-இல் குடியேற்ற நாடுகள் அனைத்திலும் உள்ள மருத்துவமனைகளையும் மனநோய் விடுதிகளையும் பற்றி அறிக்கை கேட்டு இலண்டனிலிருந்து சுற்றறிக்கை பறந்தது. சுற்றறிக்கைகளின் பிறப்பிடம் பெரும்பாலும் மேலதிகாரியின் மேசை என்று எண்ணுகிறோம். அந்தச் சுற்றறிக்கை பிறந்தது ஓர் ஏழைப் பெண்ணின் வாய்மொழியில்.

மாரியம்மன் ஏறிய கப்பல்

அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்குக் கூலிகள் தேவைப்பட்டனர். 1838 மே 5-ஆம் நாள் முதற் கப்பல்கள் இந்தியரை ஏற்றிக்கொண்டு கயானா சேர்ந்தன. 1845-இல் ஜமைக்காவும் டிரினிடாடும் தொடர்ந்தன. புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட ‘ஒரேலி’ என்னும் கப்பல் 1853 மே 6-ஆம் நாள் மார்த்தினிக் தீவை அடைந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் குவாதலூப்பும் கூலிகளைப் பெற்றது. கரிபியன் நாடுகளுக்கு இவ்வாறு போனவர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். ஆங்கிலேயர் தீவுகளுக்குப் போனவர்களுள் பெரும்பாலோர் வடநாட்டார். சென்னைத் துறைமுகம் வழியே கயானா சென்ற தமிழரும் தெலுங்கரும் சில ஆயிரவர். மார்த்தினிக் சென்றவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர்.

100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்பது பிற்காலத்தில் ஆங்கில அரசு வகுத்த கணக்கு. விதவைகளும், கைவிடப்பட்டவர்களும், பஞ்சத்தில் அடிபட்டவர்களும் பலராகத் தனியே கப்பலேறினர். பெண்கள் குறைந்த தோட்டங்களில் கயானாவிலும் டிரினிடாடிலும் மனைவியரைக் கணவன்மார் கரும்பு வெட்டும் கத்தியால் வெட்டிக் கொல்லும் கொடுமை பெருகிற்று. அதிகாரிகள் அறிக்கைமேல் அறிக்கை எழுதினர். பெண்களின் நடத்தையே காரணம் என்று பலமுறை எழுதினர். ஒழுங்கற்ற அந்த விகிதத்தை வகுத்தது தாமே என்பதை ஏனோ மறந்தனர். பழி சுமந்த பாட்டிமார் தம் கதையை மக்களுக்குச் சொல்லாமலே மறைந்தனர். அந்த மௌனமும் ஒரு சொத்தாக வழிவழி வந்தது.

அம்மௌனத்தின் நடுவே அவர்கள் கண்ட ஆறுதல்கள் இரண்டு. ஒன்று, ஒரே கப்பலில் வந்தோர் பாராட்டிய ‘கப்பல் உறவு’. சாதியும் ஊரும் வேறானாலும் கப்பலில் உடன் வந்தவள் உடன்பிறந்தவளே. மற்றொன்று, போஜ்புரி வழிவந்த ‘மட்டிகோர்’. திருமணத்துக்கு முன் வெள்ளியிரவில் பெண்கள் மட்டும் பறையொலியோடு சென்று மண்ணெடுத்து, ஆடிப்பாடி, பகலில் வாயெடுத்துச் சொல்ல முடியாததையெல்லாம் கேலியாகச் சொல்லித் தீர்ப்பர். மணப்பெண்ணுக்குக் குடும்ப வாழ்வைக் கற்பிப்பதும் அவ்விரவே.

தமிழர் எடுத்துச் சென்றது மாரியம்மனை. மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் மாரியம்மனும் மதுரைவீரனும் தப்பொலியோடு வழிபடப்படுகின்றனர். மொழி மறந்த நாவுகள் வழிபாட்டுப் பாடல்களை மட்டும் மறக்கவில்லை. கயானாவில் ‘காளிமாயி பூசை’ எனப்படுவதும் சென்னைக் கப்பல்களில் வந்தவர் வழியே வளர்ந்ததுதான். வேப்பிலை, எலுமிச்சை, மஞ்சள் நீர், தப்பு, கரகம் அனைத்தும் அங்கே உண்டு. இந்தியர் மட்டுமன்றி ஆப்பிரிக்க வழியினரும் நோய் தீர வேண்டி அங்கே வருகின்றனர்.

இங்கே நம் கருத்துக்கு வலிமை தரும் ஒரு நிகழ்ச்சியைக் கூற வேண்டும். 1960-களில் கயானாவின் பெர்பிஸ் பகுதியில், ஃபோர்ட் கான்ஜே மனநோய் மருத்துவமனையின் மருத்துவர் என்ரிக் அரனேட்டாவும், ஆய்வாளர் பிலிப் சிங்கரும், காளி கோயில் பூசாரி ஜேம்சி நாயுடுவோடு சேர்ந்து பணியாற்றினர். மருத்துவமனையும் கோயிலும் ஒன்றையொன்று பழிக்காமல் நோயாளரின் நலனைப் பகிர்ந்துகொண்டன. பூசாரி நோயாளியை மட்டும் பார்ப்பதில்லை. குடும்பத்தையே நிறுத்திக் கேள்வி கேட்பார். யாரோடு மனத்தாங்கல், யாருக்குச் செய்த நேர்ச்சை தவறியது என்று விசாரிப்பார். இப்பணி குறித்து 1976-இல் வெளிவந்த கட்டுரையில் ஆசிரியர் மூவருள் ஒருவராகப் பூசாரியின் பெயரும் உள்ளது. ஒரு நூற்றாண்டுக்கு முன் தொட்டித் தண்ணீரில் அமுக்கிய மருத்துவம், வேப்பிலைக்காரரைத் தன்னருகே அமர்த்திக்கொள்ளக் கற்றுக்கொண்டது.

தெருக்கூட்டிய பெண்களின் மேடை

மீண்டும் ஜமைக்காவுக்கு வருவோம். 1977-ஆம் ஆண்டு கிங்ஸ்டனில், அரசின் அவசர வேலைத் திட்டத்தில் தெருக்கூட்டிய ஏழைப் பெண்கள் சிலர் தொழிலாளர் வாரத்துக்கு நாடகம் போட விரும்பினர். நாடகப் பள்ளி ஆசிரியை ஆனர் ஃபோர்டு-ஸ்மித் உதவிக்கு வந்தார். எதைப் பற்றி நாடகம் என்றதற்கு, பெண்களாகத் தாங்கள் படும் பாட்டைப் பற்றி என்றனர். பதின்மூவர் கூடிய அக்குழு ‘சிஸ்ட்ரன்’ என்று பெயர் பெற்றது. உடன்பிறந்தாள்கள் என்பது பொருள்.

அவர்கள் நாடகம் எழுதிய முறை புதுமையானது. ஒருத்தி தன் வாழ்வில் நடந்ததைத் தன் பேச்சுமொழியிலேயே சொல்வாள். மற்றவர்கள் அதை நடித்துக் காட்டுவர். சிறுமியராய் வட்டமிட்டு ஆடிய ஆட்டங்கள், விடுகதைகள், பழமொழிகள் ஆகியவற்றைக் கொண்டே காட்சிகள் அமையும். 1978-இல் அரங்கேறிய நாடகம் அறியாப் பருவத்தில் கருவுற்ற பெண்களைப் பற்றியது. தாய் மகளை ஏன் அப்படி அடித்தாள், தான் பட்ட எந்த அச்சம் அவள் கையில் பிரம்பாக மாறியது என்பதையும் அங்கே எண்ணிப் பார்த்தனர். 1980-இல் கிங்ஸ்டனின் ஆதரவற்றோர் இல்லமொன்றில் தீப்பற்றி 150-க்கும் மேற்பட்ட முதிய பெண்கள் மாண்டனர். அவர்களுக்காக 1981-இல் அவர்கள் நடித்த நாடகம், ‘எட்டு’ என்னும் ஆப்பிரிக்க வழிவந்த நீத்தார் சடங்கின் வடிவிலேயே அமைந்தது. யாருமற்ற கிழவிகளுக்கு ஊரே நின்று கடன் செலுத்தியது போலாயிற்று. 1986-இல் அப்பெண்களின் வாழ்க்கைக் கதைகள் பேச்சுமொழியிலேயே நூலாகவும் வந்தன.

அதே காலத்தில் எர்னா பிராட்பர் என்ற சமூகவியல் ஆசிரியை, சமூகப்பணி மாணவர்க்கு உளநோய் பற்றிக் கற்பிக்கும் பாடமாக ஒரு பெண்ணின் கதையை எழுதத் தொடங்கினார். அது 1980-இல் புதினமாக வெளிவந்தது. பெண்ணைக் காப்பதற்கென்று தாயும் பாட்டியும் சுற்றிக் கட்டிய கூடே அவளுக்குச் சிறையாவதை அது காட்டுகிறது. பாடநூலில் நோயின் பெயர் இருக்கும். நோயாளியின் ஊர், உறவு, பாட்டு இருக்கா. அவற்றைச் சேர்த்தபோது பாடம் இலக்கியமாயிற்று.

1978-இல் கிங்ஸ்டன் பெல்வியூ மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் ஃபிரடெரிக் ஹிக்லிங், நோயாளிகளையும் பணியாளர்களையும் ஒன்றாக அமர்த்தி, அந்நாட்டின் வரலாற்றையும் அம்மருத்துவமனையின் வரலாற்றையும் அவர்களே பேசிக் கோத்து நடிக்கச் செய்தார். பண்பாட்டு வழி மருத்துவம் என்று அதனை அழைத்தார். ஆன் பிராட் கண்ட பழைய விடுதியின் வழிவந்த நிறுவனமே இந்தப் பெல்வியூ என்பதை எண்ணுக. பேசியதற்காகத் தண்ணீரில் அமுக்கப்பட்டவர்களின் வழியினர் பேசுவதற்காக மேடையேற்றப்பட்டனர்.

பாட்டியிடம் விட்டுச் சென்ற பிள்ளைகள்

1948 முதல் பிழைப்புக்காக இங்கிலாந்து சென்ற கரிபியன் மக்களுள் பெண்களும் மிகப் பலர். மருத்துவமனைகளில் செவிலியராகவும் பணிப்பெண்களாகவும் உழைத்தனர். பிள்ளைகளை ஊரில் பாட்டியிடம் விட்டுச் சென்றனர். ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து அழைத்துக்கொண்டபோது, தாய்க்குப் பிள்ளையும் பிள்ளைக்குத் தாயும் அயலாராய் இருந்தனர். பிள்ளை தாயென்று எண்ணியது விட்டுவந்த பாட்டியை. உழைத்துக் களைத்த தாய்க்கு இது நன்றிகேடாகப் பட்டது. மேரி பிரின்ஸின் தாய் மகளை அடையாளம் காணாத அந்தக் கரையை, விருப்பத்தோடு வந்த கப்பலும் சென்றடைந்தது.

இவர்கள் மனநோய் மருத்துவரிடம் சென்றபோது, பேச்சும் பழக்கமும் புரியாமல் தவறாகக் கணிக்கப்பட்டதாகக் குறை எழுந்தது. இந்நிலையில் இந்தியாவில் பிறந்த ஜாபர் கரீம் என்னும் உளமருத்துவர் 1983-இல் இலண்டனில் ‘நஃப்சியாத்’ என்ற நிலையத்தைத் தொடங்கினார். நோயாளியின் பண்பாடும், அவர் இனத்தின் வரலாறும், வெளியுலகில் அவர் படும் அவமதிப்பும் மருத்துவ அறைக்குள் பேசப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. கரிபியன் வழியினரான பார்பரா ஃபிளெட்ச்மன் ஸ்மித் 2000-இல் எழுதிய நூல், அடிமைக்காலம் குடும்ப உறவுகளில் விட்டுச் சென்ற தழும்புகளை மருத்துவ அனுபவத்தோடு ஆராய்ந்தது. எதற்கும் கலங்காத வலியவள் என்று கரிபியன் பெண்ணைப் புகழ்வதிலும் ஒரு கேடு உண்டு என்று இத்துறையினர் எச்சரிக்கின்றனர். கலங்க உரிமையற்றவள் உதவி கேட்கவும் உரிமையற்றவளாகிறாள் அன்றோ!

நாம் கொள்ளத்தக்கது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பில் ஒரு மூதாட்டி மகனோடு வந்து தங்கினார். சில மாதங்களில் உறக்கம் இழந்தார், உணவை வெறுத்தார், எவரோடும் பேசாமலானார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். மருத்துவர் இந்தியில் கேட்டார். மகன் தமிழில் கேட்டுச் சொன்னார். பசி உண்டா, தூக்கம் உண்டா என்பதற்குமேல் பேச்சு நீளவில்லை. மாத்திரைகள் கொடுத்தனர். ஓரளவு உறங்கினார்.

அதே மாவட்டத்து அம்மாள் ஒருவர் பிற்பகல்களில் அவரருகே அமர்ந்து பூத்தொடுக்கத் தொடங்கினார். ஒரு நாள் உண்மை வெளிவந்தது. ஊரில் உடன்பிறந்த தங்கை இறந்தபோது இரயிலில் இடம் கிடைக்காமல் போக முடியவில்லை. அடுக்குமாடி வீட்டில் வாய்விட்டு அழவும் முடியவில்லை. பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று மருமகளும் தவித்திருக்கிறாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. அன்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அம்மாள் தாழ்ந்த குரலில் ஒப்பாரி எடுத்துக் கொடுக்க, மூதாட்டி தங்கைக்காக அழுது தீர்த்தார். மாத்திரையையும் அவர் நிறுத்தவில்லை. இரண்டும் சேர்ந்து அவரை மீட்டன என்றே நாம் கருதுகிறோம்.

கரிபியன் பெண்கள் பட்ட பாட்டோடு நம் சிறு துன்பங்களை ஒப்பிடுவது தகாது. அவர்கள் விலங்கோடு கொண்டுசெல்லப்பட்டவர்கள். நாம் பணியாணையோடு வந்தவர்கள். ஆயினும் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். துயரைச் சொல்ல ஓர் இடம், சொந்த மொழி, கேட்க நாலு பேர், அழுது முடிக்க ஒரு சடங்கு என்பவை மருத்துவத்துக்குப் பகையல்ல. மருத்துவத்தின் மற்றொரு பாதி. விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நம் சங்கம், மாதத்தில் ஒரு பிற்பகலை நம் வீட்டு மூதாட்டியர்க்கென ஒதுக்கினால் என்ன? பேசட்டும், பாடட்டும், அழ வேண்டுமானால் அழட்டும். பேத்தியர் அருகிருந்து கேட்கட்டும். விலங்கு தாய்வழி வந்தது போல் ஆறுதலும் தாய்வழி வரக்கூடும் என்பதைக் கடல் கடந்த அத்தாய்மார் நமக்குக் காட்டியிருக்கின்றனர்.